கொடுத்ததைச் சொல்லலாமா?

சாந்த்ராகாச்சியில் குளிர்காலம் பிறந்துவிட்டது என்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, நமது ஜீலில் வந்து இறங்கும் பறவைக் கூட்டம். மற்றொன்று, பாடாவுக்குப் பாடா கிளப்புக்காரர்கள் போடும் இரத்ததான முகாம்களின் பந்தல். பறவைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இங்கே எழுத வந்தது இரண்டாவதைப் பற்றி. அதிலிருந்து கிளைத்து, விளையாட்டு வீரர்கள் செய்யும் தானதருமங்கள், அவற்றை வெளியே சொல்லலாமா கூடாதா என்ற பழைய வழக்கு, கடைசியாக நமது சங்கத்தின் கல்வி நிதி என்று மூன்று விஷயங்களையும் ஒரே முடிச்சில் கட்டப் பார்க்கிறேன். வாசகர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும்.

இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு பிப்ரவரி 3ஆம் தேதியின் விசேஷம் தெரியாது. அன்று ஈடன் கார்டனில் வங்காள கிரிக்கெட் சங்கம் இரத்ததான முகாம் நடத்துகிறது. 1981 முதல் நடந்து வரும் வழக்கம் இது. அந்த நாளுக்கு சர் ஃபிராங்க் வோரல் தினம் என்று பெயர். மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரில் கல்கத்தாவில் ஏன் இரத்ததானம்? அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1962ஆம் ஆண்டு நரி கான்ட்ராக்டர் தலைமையில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றிருந்தது. மார்ச் மாதம் 17ஆம் தேதி, பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. இன்றுபோல ஹெல்மெட் இல்லாத காலம். மண்டை ஓடு உடைந்து, உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், இரத்தம் வேண்டும். அப்போது முதலில் கை நீட்டியவர் எதிரணித் தலைவரான ஃபிராங்க் வோரல். இந்திய வீரர்களான போர்டே, நட்கர்னி, உம்ரிகர் ஆகியோரும், உடன் சென்றிருந்த பத்திரிகையாளர் கே.என். பிரபுவும் இரத்தம் கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் பல நாள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தார். டெஸ்ட் ஆட்டம் மட்டும் அவர் பிறகு ஆடவில்லை. அடுத்த டெஸ்டில் இந்தியாவுக்குத் தலைமை ஏற்றவர் 21 வயதுப் பட்டோடி. அந்தத் தொடரில் ஐந்துக்கு ஐந்தும் நாம் தோற்றோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. கான்ட்ராக்டரின் தலையில் பின்னர் ஓர் உலோகத் தகடு வைத்தார்கள். அந்த அறுவை சிகிச்சை நடந்தது நமது வேலூரில்! 60 ஆண்டுகள் அவர் தலையில் இருந்த அந்தத் தகட்டை 2022இல்தான் மும்பையில் எடுத்தார்கள். 'காட்பாடியில் இறங்கினால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், தங்குவதற்கு எங்கே இடம் கிடைக்கும்' என்று சாந்த்ராகாச்சியில் நம்மைத் தேடி வந்து விசாரிக்கும் வங்காளி அண்டைவீட்டாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு வேலூர் மேல் உள்ள நம்பிக்கை இன்னும் ஒரு படி கூடும்.

வோரல் 1967இல், தமது 42ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் காலமானார். பார்படோஸ் நாட்டின் ஐந்து டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது. இத்தனை பெருமைக்கும் நடுவில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கொடுத்த சில நூறு மில்லி இரத்தம் சின்ன விஷயம்தான். அவர் அதை விளம்பரத்துக்காகச் செய்யவில்லை. நிருபர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஊசி குத்திக்கொள்ளவும் இல்லை. ஆனால் செய்தி வெளியே வந்தது. வந்ததனால் அது கடல் கடந்து, இருபது ஆண்டு கழித்து, வங்காளத்தில் ஒரு வருடாந்தர நிகழ்ச்சியாக முளைத்தது. அந்த முகாம்களில் இதுவரை கொடுத்தவர்களை எண்ணி முடியாது. கான்ட்ராக்டரைக் காப்பாற்றிய இரத்தத்தைப் பற்றி எவரும் வாய் திறந்திருக்காவிட்டால் இவர்கள் எவரும் பிப்ரவரி 3 அன்று கை நீட்டியிருக்கமாட்டார்கள்.

'வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது' என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நானும் அந்தக் கட்சியில்தான் வெகுகாலம் இருந்தேன். வோரலின் கதை எனக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்பியது.

நம் முன்னோர்கள் இதில் என்ன நினைத்தார்கள் என்று பார்த்தால் இன்னும் வியப்பு. திருக்குறளில் 23ஆம் அதிகாரம் ஈகை. அதற்கு அடுத்தபடியே 24ஆம் அதிகாரம் புகழ். வள்ளுவர் அதிகாரங்களைக் குலுக்கிப் போட்டு அடுக்கியவர் அல்லர். புகழ் அதிகாரத்தின் முதல் குறளிலேயே ஈதலையும் புகழையும் ஜோடியாக வைக்கிறார். கொடுப்பவனுக்குப் புகழ் வருவதை அவர் குற்றமாகக் கருதவில்லை என்றே எனக்குப் படுகிறது. அதற்கும் முந்திய சங்க காலத்தில் ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே இருந்தது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை வழியில் கண்டு, 'இன்ன வழியில் போ, இன்ன வள்ளலைப் பார், அவன் இப்படி இப்படிக் கொடுப்பான்' என்று சொல்லி அனுப்புவது. அப்பட்டமான விளம்பரம்! ஆனால் யார் செய்த விளம்பரம் என்று கவனியுங்கள். வள்ளல் தானே தண்டோரா போடவில்லை. வாங்கியவன் சொல்கிறான். சொல்வதும் அடுத்த பசித்தவனுக்காகச் சொல்கிறான்.

சோழர் காலத்துக்கு வந்தால் கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன், தான் கொடுத்ததையும் தன் தமக்கை கொடுத்ததையும் தன் தேவியர் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். இது தற்பெருமை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கல்வெட்டுகளைப் படித்தால் பாதிக்கு மேல் கணக்கு வழக்குத்தான். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டி போட்டதை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கொடுத்தவர், ஏற்றவர், எவ்வளவு, எதற்கு என்று நான்கும் கல்லில் இருக்கிறபோது பேரன் காலத்தில்கூட யாரும் நெய்யை நிறுத்த முடியாது. ஆகவே அந்த விளம்பரம் கொடுத்தவனின் கீர்த்திக்கு எவ்வளவோ, அவ்வளவு வாங்கிய கைக்குப் பூட்டாகவும் இருந்தது.

இந்த மரபு தேய்ந்து தேய்ந்து, கோயில் டியூப்லைட்டின் மேல் 'உபயம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, வெளிச்சம் பாதி குறைந்த கதையில் வந்து முடிந்தது. அந்த டியூப்லைட்டைப் பற்றிச் சிரிக்காத தமிழன் இல்லை. நம் ஊர்ப் பிள்ளையார் கோயிலிலும் அது இருக்கும், கல்கத்தாவில் நாம் கட்டிய கோயில்களிலும் இருக்கும். சிரிப்புக்குக் காரணம் பெயர் போட்டது அல்ல. கொடுத்தது வெளிச்சம், பெயர் மறைப்பதும் அதே வெளிச்சம் என்பதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் காலத்து வீரர்களைப் பார்ப்போம்.

கல்கத்தாவில் விளையாட்டுக்கும் தருமத்துக்கும் உள்ள உறவு பழையது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் பெரிய ஆட்டங்களை 'சாரிட்டி மேட்ச்' என்று அறிவித்து, டிக்கெட் பணத்தைத் தருமத்துக்கு ஒதுக்கும் வழக்கம் மைதானத்தில் இருந்தது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, அங்கிருந்து தப்பி வந்த ஆட்டக்காரர்கள் சேர்ந்து 'ஸ்வாதீன் பங்களா' கால்பந்து அணி என்று ஒன்றை அமைத்தார்கள். ஜூலை 25 அன்று நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகரில் முதல் ஆட்டம். இந்தியாவில் ஊர் ஊராக ஆடிப் போருக்கு நிதி திரட்டினார்கள். பணத்தைவிட, 'எங்கள் நாட்டில் என்ன நடக்கிறது பாருங்கள்' என்று உலகுக்குக் காட்டுவதே அவர்களுக்கு முக்கியம். அங்கே இரகசியமாகக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஸ்டீவ் வா கதையை நம்மில் பலர் பத்திரிகையில் படித்திருக்கலாம். 1998இல் ஈடன் கார்டனில் டெஸ்ட் ஆட வந்திருந்தபோது, ஹோட்டல் அறையில் அவருக்கு ஒரு கடிதம் கிடைத்தது. பாரக்பூரில் 'உதயன்' என்று ஓர் இல்லம், தொழுநோயாளிகளின் குழந்தைகளை வைத்துப் படிக்க வைக்கிறார்கள், வந்து பார்க்க முடியுமா என்று. ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1970இல் தொடங்கிய இல்லம் அது. அப்போது ஆண் குழந்தைகளுக்கு மட்டும் இடம் இருந்தது. வா போய்ப் பார்த்தார். பெண் குழந்தைகளுக்கும் ஒரு விடுதி வேண்டும் என்று தம் பெயரைக் கொடுத்தார், பணம் திரட்டினார், பின் பல ஆண்டுகள் வந்து வந்து பார்த்தார். அவர் பெயர் இல்லாவிட்டால் ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குப் பாரக்பூர் எங்கே இருக்கிறது என்று தெரியப்போவதில்லை. தனிப்பட்ட முறையில் ஒரு காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தால் அது அடக்கமாக இருந்திருக்கும். அந்தப் பெண் பிள்ளைகளுக்கு விடுதி வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

புகழ்பெற்றவரிடம் இரண்டு செல்வம் இருக்கிறது. ஒன்று பணம், மற்றொன்று பெயர். பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பெயரை மறைத்து வைப்பது பாதி தருமம்தான் என்று வாதிட இடமிருக்கிறது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் ஜனங்கள் தவித்தார்களே, அப்போது கல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த பாட் கம்மின்ஸ் 50,000 அமெரிக்க டாலர் தருவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். சக ஆட்டக்காரர்களையும் கொடுக்கச் சொன்னார். மறுநாளே பிரெட் லீ ஒரு பிட்காயின் கொடுத்தார். அடுத்த சில தினங்களில் டெண்டுல்கர் ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். யாரைப் பார்த்து யார் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பந்தியில் ஒருவர் இலையை விரித்து உட்கார்ந்தால் அடுத்தவர் தயக்கமின்றி உட்காருகிறார் அல்லவா? முதலில் பி.எம். கேர்ஸ் நிதிக்கு என்று சொன்ன பணத்தைக் கம்மின்ஸ் பின்னர் யுனிசெஃப் ஆஸ்திரேலியாவின் வழியாகக் கொடுத்தார். அந்த மாற்றமும் நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், எல்லாம் வெளிப்படையாக நடந்ததுதான்.

நமது சௌரவ் கங்குலி 2020 ஏப்ரல் 1ஆம் தேதி, ஊரடங்கின் தொடக்க நாட்களில், பேலூர் மடத்துக்கு வந்து 2,000 கிலோ அரிசி கொடுத்தார். சாந்த்ராகாச்சி யார்டில் வண்டிகள் நின்றது நின்றபடி கிடந்த நாட்கள் அவை. இஸ்கானுக்கும் அவர் உதவினார். அதனால் அவர்கள் தினமும் 10,000 பேருக்குப் போட்ட சாப்பாடு 20,000 பேருக்கு ஆயிற்று. அரிசி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 50 லட்ச ரூபாய் அரிசி கொடுக்கும் அறிவிப்பும் வந்தது. 'நிறுவனத்துக்கு நல்ல விளம்பரம்' என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். இருக்கட்டுமே என்பேன். வேலையும் போய் ஊருக்கும் போக முடியாமல் உட்கார்ந்திருந்த கூலிக்காரனின் தட்டில் விழுந்த சோற்றில் விளம்பர வாசனை அடித்திருக்காது. பேலூர் மடத்துப் படங்களில் கங்குலி இருந்தார், அரிசி மூட்டை இருந்தது. தட்டேந்தி நின்றவரின் முகத்தைக் காட்டி அவர் பெயர் வாங்கவில்லை. எனக்கு அந்த வேற்றுமை போதும்.

நம் தமிழ்நாட்டில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும், இருவரும் சேலத்துக்காரர்கள். மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன். கிடைத்த பரிசுப் பணத்தில் 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார். இன்னொருவர் சின்னப்பம்பட்டி நடராஜன். 2023 ஜூனில் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டித் திறந்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார், பத்திரிகைகளில் படமும் வந்தது. படம் வராவிட்டால் பக்கத்து ஊர்ப் பையனுக்கு அங்கே மைதானம் இருப்பது எப்படித் தெரியும்?

அதே நடராஜன் விஷயத்தில் இன்னொன்று. நெசவுக் கூலியின் மகனான அவரை டென்னிஸ் பந்து ஆட்டத்திலிருந்து கைப்பிடித்து அழைத்து வந்தவர் ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர்க்காரர். அவர் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தவர் அல்லர். நடராஜன்தான் தன் சட்டையின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டார். நான் மேலே சொன்ன ஆற்றுப்படை பாணன் இவர்தான். கொடுத்தவன் சும்மா இருந்தான், வாங்கியவன் முதுகில் எழுதி உலகமெல்லாம் காட்டினான். இதைவிட அழகான விளம்பரத்தை நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் செய்தது வேறு வகை. பள்ளியில் இலவசச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த கால்பந்து வீரர் அவர். 2020 ஜூனில், கோடை விடுமுறையில் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாட்டு உதவியை நிறுத்தக் கூடாது என்று பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாளே அரசாங்கம் இறங்கி வந்தது. அதனால் பலன் அடைந்தவர்கள் சுமார் 13 லட்சம் குழந்தைகள். அந்தக் கடிதத்தில் பசித்த குழந்தை என்று அவர் காட்டியது தம்மையேதான். இன்னொரு பிள்ளையின் வறுமையைக் கடைவிரிக்கவில்லை.

பெயரும் புகழும் சும்மா காட்சிக்குத்தான் என்று நினைப்பவர்களுக்கு ராபர்ட்டோ கிளெமென்ட்டின் முடிவைச் சொல்ல வேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிய பெரும் வீரர். 1972 டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் மனாகுவா நகரைப் பூகம்பம் அழித்தபோது நிவாரணப் பொருள் திரட்டி அனுப்பினார். அனுப்பியவை உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, நடுவில் கைமாறுகின்றன என்று கேள்விப்பட்டதும், 'நான் நேரில் போனால் எவனும் திருட மாட்டான்' என்ற எண்ணத்தில் டிசம்பர் 31 இரவு சரக்கு விமானத்தில் ஏறினார். விமானம் கடலில் விழுந்தது. தன் பெயரைக் காவலாக நிறுத்தப் போனவர் திரும்பவில்லை. இராஜராஜன் கல்லில் வெட்டி வைத்த வேலையை இவர் உடம்பால் செய்யப் போனார் என்று எனக்குத் தோன்றும்.

ஆகையால், வாசகர்களே, 'சொல்லலாமா கூடாதா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எதைச் சொல்கிறோம், யாருக்காகச் சொல்கிறோம், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று பிரித்துக் கேட்க வேண்டும். கொடுத்தவனின் பெயரைச் சொன்னால் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் ஏறலாம். அது அவன் பாடு. இன்ன நிதிக்கு இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவாயிற்று என்று சொன்னால் எல்லோருக்கும் நல்லது. வாங்கியவனின் முகத்தைக் காட்டினால் மட்டும் அதற்கான விலையை அவன் தருகிறான். பேச முடியாத நிலையில் இருக்கிற அவனிடம் நாம் யாரும் அனுமதி கேட்பதில்லை. கேட்டாலும் 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இராது.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நமது சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் சில பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கொடுக்கிறோம். பொங்கல் விழாவில் மேடைக்கு அழைத்து, உறையைக் கையில் கொடுத்து, படம் எடுத்து, மலரில் போடுவது வழக்கம். சென்ற பொங்கலில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பெயர் வாசித்தபோது மேடைக்கு வரவில்லை. மூன்று முறை மைக்கில் கூப்பிட்டார்கள். அவன் பந்தலுக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அவன் தாயார் என் வீட்டுக்கு வந்தார். "சார், பணம் பெரிய உதவிதான், இல்லேன்னு சொல்லலை. ஆனா அவன் கிளாஸ்ல படிக்கிற நாலு பசங்க கீழே உட்கார்ந்திருந்தாங்க. மேடை ஏறித்தான் வாங்கணும்னா எங்களுக்கு வேண்டாம் சார்" என்றார். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. காப்பியைக்கூடக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அதே நிதிக்கு இரண்டு பிள்ளைகளின் முழுக் கட்டணத்தையும் ஆண்டுதோறும் கொடுத்து வருபவர் நம்மில் ஒரு விளையாட்டு வீரர். ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு வந்தவர், சர்வதேசப் புகழ் எல்லாம் இல்லை, மாதச் சம்பளக்காரர். அவர் பெயரை மலரில் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் சார். அந்தப் பசங்க காலையில கிரவுண்டுல என்கூடத்தான் ஓடறாங்க. தெரிஞ்சா அப்புறம் என்னைத் தாண்டி ஓட மாட்டாங்க" என்றார். வள்ளல்கள் எழுவருக்கும் இப்படி ஒரு காரணம் தோன்றியிருக்குமா, சந்தேகம்தான்.

ஆனால் இவரைப் போல எல்லோரும் மறைந்துகொண்டால் நிதி வளராது என்பதும் உண்மை. மலரில் பெயர் வருகிறது என்பதற்காகவே ஐயாயிரம் எழுதுகிற அன்பர்கள் நம்மில் உண்டு. அவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அந்த ஐயாயிரமும் ஒரு பிள்ளையின் ஒரு பருவக் கட்டணம்தானே? இரத்ததான முகாமிலும் இதே கதைதான். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசு வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுக்கும் தொழில் தடை செய்யப்பட்டது. காசு போயிற்று, சுவர்க் கடிகாரமும் டிஃபன் டப்பாவும் வந்தன. வேறு முகாமில் பெரிய பரிசு கிடைக்கிறது என்று அங்கே ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். பரிசுக்காகத் தன் நோயை மறைத்துக் கொடுத்துவிட்டால் ஆபத்து வாங்குகிறவனுக்கு. சான்றிதழும் ஒரு டம்ளர் பழரசமும் வரைக்கும் கொடுப்பவனைக் கௌரவிக்கலாம், அதற்கு மேல் போனால் அது வியாபாரம் என்பது என் கட்சி.

எனவே செயற்குழுவுக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தவர்களின் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், தொகையோடு மலரில் அச்சிடலாம். விரும்பாதவர்களுக்கு 'ஓர் அன்பர்' என்று போட்டுத் தொகையை மட்டும் காட்டலாம், கணக்கில் ஒரு பைசாவும் மறையக்கூடாது. எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வகுப்பு, மொத்தம் எவ்வளவு என்பதைப் போடலாம். பிள்ளைகளின் பெயரும் படமும் வேண்டாம், மேடையும் வேண்டாம். கட்டணத்தை நேரே பள்ளிக்குக் கட்டி, ரசீதைக் கோப்பில் வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைகளில் எவராவது வளர்ந்து ஆளாகித் தாமே முன்வந்து மலரில் எழுதினால் முதல் பக்கத்தில் போடுவோம். எதிர்ப்பும் இருக்கிறது. 'படம் இல்லாவிட்டால் பணம் எங்கே போயிற்று என்று ஜனங்கள் கேட்பார்கள்' என்கிறார் பொருளாளர். அவர் கவலை நியாயமானது. அதற்காகத்தான் ரசீதுக் கோப்பை எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம் என்று சேர்த்திருக்கிறேன். பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, வந்து கை தூக்குங்கள்.

கடைசியாக, பிப்ரவரி 3ஆம் தேதிக்கு வருகிறவர்களுக்குச் சில தகவல்கள். வயது 18க்கு மேல், 65க்குள் இருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது வேண்டும். ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது, அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு வரக் கூடாது. இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சாந்த்ராகாச்சியிலிருந்து லோக்கலில் ஹவுரா வந்து, படகில் பாபுகாட் இறங்கினால் ஈடன் கார்டன் நடக்கிற தூரம்தான். அல்லது கோனா சாலையில் பஸ் ஏறி வித்யாசாகர் பாலம் வழியாக வரலாம். குளிர்காலத்தில் கொடுத்தவர்கள் மே மாதத்தில் மீண்டும் ஒரு முறை கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. சிவப்பணுக்களை ஐந்தாறு வாரத்துக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. கோடையில் முகாம்கள் குறைந்து, இரத்த வங்கிகளில் தட்டுப்பாடு வருவது இங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. எனக்கு 65 தாண்டிவிட்டதால் ஊசி குத்த மாட்டார்கள். நம் ஆட்களை அழைத்துக்கொண்டு வந்து, கொடுத்து முடித்தவர்களுக்குப் பழரசம் ஊற்றிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். காலை ஏழரைக்கு சாந்த்ராகாச்சி டிக்கெட் கவுண்டர் அருகில் நிற்பேன்.